குடல்வரை உயிரோடு போக: மலையில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு ப்ரோபயாடிக் வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று மலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முதல் சில வாரங்களிலேயே இரண்டு சிக்கல் வரும். ராத்திரி உறை ஊற்றி வைத்த பால் காலையிலும் பாலாகவே இருக்கும். அடுத்தது, வயிறு கெட்டு டாக்டரிடம் போனால் அவர் எழுதித் தரும் ப்ரோபயாடிக்கை (உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய மருந்தை) எங்கே வைப்பது, எப்போது சாப்பிடுவது என்ற குழப்பம். இரண்டுக்கும் அடியில் இருப்பவை ஒரே கேள்விகள்தான்: தயிரிலும் மருந்திலும் உள்ள பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா, குடல்வரை உயிரோடு போகுமா, போனால் அங்கேயே தங்குமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் மற்ற எல்லா முடிவுகளும் அதை வைத்துத்தான். பெரியவர்களின் குடலில் அவை பெரும்பாலும் தங்குவதில்லை.

ஏன் தங்குவதில்லை

ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016-இல் வெளியான கணக்கு சொல்கிறது. அவற்றில் பெரும்பகுதி பெருங்குடலில். நீங்கள் விழுங்கும் கேப்ஸ்யூலில் 100 கோடி இருந்து, ஒன்றுகூடச் சாகாமல் போய்ச் சேர்ந்தாலும், அங்கே இருப்பதில் அது 38,000-இல் ஒரு பங்கு. இருக்கும் இடத்தையும் உணவையும் பழைய குடித்தனக்காரர்கள் எப்போதோ பங்கிட்டுக்கொண்டாகிவிட்டது. ஏப்ரல், மே சீசனுக்கு ஊட்டிக்கு வருகிறவர்களைப் போலத்தான் ப்ரோபயாடிக்: இருக்கும்வரை ஊரில் மாற்றம் தெரியும், ஆனால் வந்தவர்கள் வீடு கட்டிக் குடியேறுவதில்லை.

உலகில் அதிகம் ஆராயப்பட்டவற்றில் ஒன்று ராம்னோசஸ் ஜி.ஜி. என்ற பாக்டீரியா. அதன் மேல் மெல்லிய இழைகள் உண்டு. குடலின் சளிப் படலத்தை அவற்றால் பற்றிக்கொள்ளும். அப்படிப் பிடித்து நிற்கத் தெரிந்ததே, சாப்பிடுவதை நிறுத்தினால் பெரும்பாலானவர்களின் மலத்தில் ஓரிரு வாரத்தில் காணாமல் போகிறது. பாலைத் தயிராக்கும் பல்காரிகஸ் பாக்டீரியா இன்னும் மோசம். பல்கேரியத் தயிர் பாக்டீரியா குடலில் குடியேறி ஆயுளைக் கூட்டும் என்று ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப் 1900-களின் தொடக்கத்தில் நம்பினார். அது குடியேறுவதில்லை என்று 1920-களிலேயே தெரிந்துவிட்டது.

ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் வகை ஒன்றைக் கொடுத்துப் பார்த்த 2016 ஆய்வில், சுமார் 30 சதவீதம் பேரிடம் அது ஆறு மாதம் கழித்தும் இருந்தது. அவர்கள் குடலில் அந்த இனம் ஏற்கெனவே குறைவாக இருந்தது, அதாவது காலி இடம் இருந்தது. 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் மலத்தை மட்டும் பார்க்காமல் குடலுக்குள்ளேயே மாதிரி எடுத்துப் பார்த்தது. 11 வகை கலந்த ப்ரோபயாடிக்கைச் சிலரின் குடல் ஏற்றுக்கொண்டது, சிலருடையது வெளியே தள்ளிவிட்டது. மலத்தில் பாக்டீரியா தெரிவதால் மட்டும் அது உள்ளே ஒட்டியிருப்பதாகச் சொல்ல முடியாது என்பதும் அதில் தெளிவானது.

பச்சைக் குழந்தைகள் கதை வேறு. அவர்கள் குடலில் இடம் நிறைய. ஒடிசாவில் 4,556 பிறந்த குழந்தைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், பிளான்டாரம் என்ற பாக்டீரியாவில் ஒரு வகையை அதற்கு உணவாகும் சர்க்கரை நாரோடு ஏழு நாள் கொடுத்ததில், ரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்த கணக்கு 40 சதவீதம் குறைந்தது. இதைப் படித்துவிட்டு வீட்டுக் குழந்தைக்கு நீங்களாக எதையும் கொடுக்க வேண்டாம். அது மருத்துவக் கண்காணிப்பில், குறிப்பிட்ட ஒரே வகையை வைத்து நடந்தது.

ஆகவே பெரியவர்களுக்கு நடைமுறை இதுதான்: தேவைப்படும் காலம் முழுக்கத் தினமும் சாப்பிட வேண்டும், ஒவ்வொரு நாளும் உயிரோடு போய்ச் சேர வேண்டும். மாதத்துக்கு ஒருநாள் ஒரு பாட்டில் குடிப்பதில் பயனில்லை.

எப்போது, எதோடு சாப்பிடுவது

வெறும் வயிற்றில் அமிலம் கடுமையாக இருக்கும். பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் கடுமை) 1.5-இலிருந்து 2 வரை. சாப்பாடு உள்ளே போனதும் அது 4, 5 என்று ஏறும். பிறகு இரண்டு மூன்று மணி நேரத்தில் மெல்ல இறங்கும். லாக்டோபேசில்லஸ், பிஃபிடோ (பிஃபிடோபாக்டீரியம்) என்ற பாக்டீரியா இனங்களுக்கு அந்த இடைவெளிதான் வாய்ப்பு. செயற்கை இரைப்பையில் செய்து 2011-இல் வெளியான சோதனையில், சாப்பாட்டோடு அல்லது அதற்கு அரை மணி முன் கொடுத்தபோது அதிகம் பிழைத்தன. சாப்பிட்டு அரை மணி கழித்துக் கொடுத்தபோது குறைவாகவே பிழைத்தன. கூடவே கொஞ்சம் கொழுப்பு இருந்தால் நல்லது. தண்ணீரைவிடப் பால் மேல்.

இரைப்பையைத் தாண்டியதும் பித்தநீர். பாக்டீரியாவின் மேல்தோல் கொழுப்பால் ஆனது, பித்தம் அதைக் கரைக்கும். பித்த உப்பை உடைக்கும் நொதி வைத்திருக்கும் வகைகள் தப்பிக்கும். நல்ல வகைகளில் 20 முதல் 40 சதவீதம் இந்த இரண்டு தடையையும் தாண்டுகின்றன. எந்த வகை என்பது தெரியாவிட்டால் எத்தனை கோடி என்ற எண்ணுக்கு அதிக அர்த்தமில்லை என்று சொல்வது இதனால்தான்.

மலையில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: காலை குளிரில் கேப்ஸ்யூலை வாயில் போட்டு, ஆவி பறக்கும் டீயால் விழுங்குவது. ஜெலட்டின் உறை சூட்டில் இளகும். 60 டிகிரிக்கு மேல் போனால் சாதாரண லாக்டோபேசில்லஸ் சீக்கிரமே செத்துவிடும். (இந்தக் கட்டுரையில் டிகிரி எல்லாம் செல்சியஸ்.) ஃபிளாஸ்க் வெந்நீரில் பொடியைக் கலக்குவதும் அப்படித்தான். கைக்கு இதமான, 40 டிகிரிக்குக் குறைந்த தண்ணீர் அல்லது பாலில் கலக்குங்கள். டிபனில் முதல் இரண்டு வாய் சாப்பிட்டதும் கேப்ஸ்யூல், டீ கால் மணி கழித்து.

ஸ்போர் வகைகளுக்கு இந்தக் கவலை கிடையாது. பேசில்லஸ் கிளாசி, பேசில்லஸ் கோயாகுலன்ஸ் இரண்டும் கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் நிலையில் விற்கப்படுகின்றன. அமிலம், பித்தம், ஓரளவு சூடு எல்லாவற்றையும் தாங்கும், குடலில் போய் முளைக்கும். ஆனால் அவையும் நிரந்தரமாகத் தங்குவதில்லை. பிழைப்பது வேறு, குடியேறுவது வேறு.

மெடிக்கலில் லேபிளைப் படிப்பது

இனம், வகை, அதற்குப் பின் ஒரு எழுத்தோ எண்ணோ: இந்த மூன்றும் இருக்க வேண்டும். ‘ராம்னோசஸ்’ என்று மட்டும் இருந்தால் போதாது, ‘ராம்னோசஸ் ஜி.ஜி.’ என்பது போல இருக்க வேண்டும். ஆய்வு நடந்தது அந்த ஒரு வகையில்தான், அதன் பங்காளியில் இல்லை.

பெயரில் ஒரு குழப்பம் வரும். 2020-இல் லாக்டோபேசில்லஸ் என்ற பெரிய இனத்தை 25 இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் ஒரு அட்டையில் லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் என்றும், இன்னொன்றில் லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ் என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றே. ‘லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்’ என்று இன்னும் சில அட்டையில் வருவது உண்மையில் பேசில்லஸ் கோயாகுலன்ஸ்.

அடுத்தது எண்ணிக்கை. சி.எஃப்.யு. என்பது தட்டில் வளர்த்தால் கூட்டமாக வளரக்கூடிய, உயிருள்ள பாக்டீரியாவின் கணக்கு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி ப்ரோபயாடிக் உணவில் ஒருநாள் அளவுக்குக் குறைந்தது 10 கோடி இருக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைப்பவை 100 கோடியிலிருந்து 1,000 கோடிக்கு மேலும் போகும். அந்த எண் ‘தயாரித்தபோது’ இருந்ததா, ‘காலாவதி நாள்வரை’ இருப்பதா என்று பாருங்கள். இரண்டாவதைச் சொல்லும் தயாரிப்பை எடுங்கள். எதுவும் சொல்லாத அட்டையானால், காலாவதிக்கு இரண்டு மாதம் இருக்கும் பெட்டியை வாங்காதீர்கள்.

கணவாய்ச் சாலையும் மழைக்கால ஈரமும்

மலை குளிர்ச்சியான ஊர், மருந்து கெடாது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி.

பெட்டி மலைக்கு வந்து சேரும் வழி மேட்டுப்பாளையம் அல்லது வத்தலக்குண்டு. ஏப்ரலில் அங்கே வெயிலில் நிற்கும் வேனுக்குள் 50 டிகிரியைத் தொடும். 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய பிஃபிடோ அதில் இரண்டு மணி நேரம் இருந்தால், மேலே வந்து ஃபிரிட்ஜில் வைப்பதால் உயிர் திரும்பாது. குளிர்ப் பெட்டியில் வருகிறதா என்று கடைக்காரரிடம் நேராகவே கேளுங்கள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றால் 25 டிகிரி அறை வெப்பத்தில் வைக்கலாம் என்று அச்சிட்ட வகையையோ, ஸ்போர் வகையையோ வாங்குவது புத்திசாலித்தனம். கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ நீங்களே கொண்டுவந்தால் பெட்டியை டாஷ்போர்டில் வைக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் பையோடு சின்ன தெர்மாகோல் பெட்டி போதும்.

வந்து சேர்ந்த பிறகு எதிரி ஈரம். கேப்ஸ்யூலுக்குள் இருப்பது உறைய வைத்து உலர்த்திய பொடி. அதில் பாக்டீரியா உறங்குகிறது. கொஞ்சம் ஈரம் பட்டால் விழிக்கும், ஆனால் வளர உணவு இருக்காது, அப்படியே சாகும். ஊட்டியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கொடைக்கானலிலும் கோத்தகிரியிலும் அக்டோபருக்குப் பிறகு, வீட்டுக்குள் உப்பே கசிந்து நிற்கும். அதே காற்றுதான் பாட்டிலுக்குள்ளும் போகும்.

இதனால் நூறு கேப்ஸ்யூல் பாட்டிலைவிட, ஒவ்வொன்றும் தனியாக அலுமினியத் தாளில் அடைத்த ஸ்ட்ரிப் மலைக்கு நல்லது. பாட்டில்தான் கிடைத்தது என்றால் உள்ளே இருக்கும் சிலிக்கா பையை எறியாதீர்கள், வாரம் முழுவதற்கும் எடுத்து மாத்திரை டப்பாவில் போடாதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை மூடியபடியே கால் மணி வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். மூடுபனி நாளில் சில்லென்ற பாட்டிலைத் திறந்தால் உள்சுவரில் நீர் வியர்க்கும். பொடி கட்டி தட்டியிருந்தால், கேப்ஸ்யூல் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைத் தூக்கிப்போடுங்கள். கணப்புக்கு மேல் அலமாரி, கீசர் இருக்கும் குளியலறை இரண்டும் வைக்கும் இடமே அல்ல.

கீழிருந்து வரும் பாக்கெட் தயிர் உப்பியிருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சமவெளியில் அடைத்த பாக்கெட்டில் இருக்கும் காற்று இங்கே மூன்றில் ஒரு பங்கு விரியும். வந்த அன்று உப்பியிருந்து அப்படியே நின்றால் அது உயரத்தின் வேலை. ஃபிரிட்ஜில் வைத்தும் நாளுக்கு நாள் கூடினால், திறந்தவுடன் கள் வாடை வந்தால், உள்ளே ஈஸ்ட்டோ வேறு கிருமியோ வாயு விடுகிறது. சாப்பிட வேண்டாம்.

குளிரில் தயிர் உறைய வைப்பது

வீட்டுத் தயிரில் கிராமுக்கு 10 கோடிக்கு மேல் உயிருள்ள பாக்டீரியா இருக்க முடியும். ஆனால் அதை ப்ரோபயாடிக் மருந்துக்கு மாற்றாக நினைக்கக் கூடாது. உங்கள் உறைமோரில் எந்த வகை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பலன் மட்டும் உறுதியானது: பாலைத் தயிராக்கும் தெர்மோஃபிலஸ், பல்காரிகஸ் இரண்டும் உயிரோடு உள்ள தயிர், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்க உதவும். அந்த நொதி பாக்டீரியாவின் உடலுக்குள் பத்திரமாகச் சிறுகுடல்வரை போய் அங்கே வேலை செய்கிறது. அதற்குக் குடியேற வேண்டிய தேவையே இல்லை.

இந்த இரண்டு பாக்டீரியாவுக்கும் பிடித்தது 42 டிகிரியை ஒட்டிய சூடு. மலைச் சமையலறை டிசம்பரில் 12 டிகிரி. இதுதான் முழுச் சிக்கலும்.

1. ஒரு லிட்டர் பால். ஆவின் பச்சை பாக்கெட் அல்லது அதைவிடக் கொழுப்புக் கூடியது. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும், அதனால் பால் சீக்கிரம் பொங்கும். கிருமி சாக அது தாராளம். ஆனால் தயிர் கெட்டியாக வர, பாலில் உள்ள மோர்ப்புரதம் 85 டிகிரிக்கு மேல் சிறிது நேரம் நின்று குலைய வேண்டும். பொங்கியதும் இறக்காமல், சிறு தீயில் கிளறிக்கொண்டே பத்து நிமிடம்.

2. உறை ஊற்றும் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். 45 டிகிரிப் பாலை 12 டிகிரி மண்சட்டியில் ஊற்றினால் சட்டியே சூட்டைக் குடித்துவிடும்.

3. பால் 43 முதல் 45 டிகிரிக்கு வரட்டும். சமையலறைத் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மலையில் அது வீண் செலவல்ல. இல்லாவிட்டால் சுத்தமான சுண்டுவிரல்: பத்து எண்ணும்வரை சூடாக, ஆனால் சுடாமல் வைத்திருக்க முடிய வேண்டும். இங்கே பால் ஆறத் தொடங்கினால் வேகமாக ஆறும். மறந்துவிட்டால் திரும்பச் சூடாக்குங்கள்.

4. உறைமோர் இரண்டு மேஜைக்கரண்டி. சமவெளியில் ஒரு சின்னக் கரண்டி போதும், இங்கே போதாது. ஃபிரிட்ஜிலிருந்து அரை மணி முன்பே எடுத்து, கட்டியில்லாமல் அடித்து, கொஞ்சம் பாலில் கரைத்துச் சேருங்கள். அரைக் கோப்பை ஊற்றினால் இன்னும் நன்றாக உறையும் என்று நினைக்க வேண்டாம். புளிப்பு முந்திக்கொண்டு, தயிர் மணல் மணலாகி நீர் விடும்.

5. சூட்டைப் பிடித்து வையுங்கள். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய ஹாட்பாக்குக்குள் பாத்திரம், மேலே கம்பளி. இன்னும் நல்லது தெர்மாகோல் பெட்டி: தயிர்ப் பாத்திரத்தோடு, 60 டிகிரி வெந்நீர் நிரப்பிய ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில். மூன்று மணி கழித்து அந்த நீரை மாற்றுங்கள். மூடிய பெட்டிக்குள் 40 வாட் இழை பல்பும் வேலை செய்யும், எல்.இ.டி. பல்பு செய்யாது. விறகடுப்பின் ஓரம் பல வீடுகளில் வழக்கம்தான், ஒரு பக்கம் மட்டும் அதிகம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. ஐந்து மணியிலிருந்து பாருங்கள். பாத்திரத்தை மெல்லச் சாய்த்தால் ஓரத்திலிருந்து ஒன்றாக விலக வேண்டும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு மணி நேரம். உறைந்ததும் உடனே குளிரில் வையுங்கள். சூட்டிலேயே 14 மணி நேரம் கிடந்த தயிரில் அமிலம் ஏறி, அதைச் செய்த பாக்டீரியாவையே கொல்லும்.

ராத்திரி 9 மணிக்கு உறை ஊற்றிக் காலை 7-க்குப் பார்ப்பதைவிட, காலை 8-க்கு ஊற்றி மதியம் எடுப்பது மலைக்குப் பொருந்தும். பகலில் கவனிக்க ஆள் இருக்கிறது, அறையும் நாலைந்து டிகிரி கூடுதல்.

சரியாக வராதபோது காரணம் தேடும் விதம். உறையவே இல்லை, வாசமும் மாறவில்லை என்றால் பால் ஆறிப்போயிருக்கிறது அல்லது கொதிக்கும் பாலில் உறைமோர் வெந்துவிட்டது. 40 டிகிரிக்குத் திரும்பச் சூடாக்கிப் புது உறை ஊற்றிப் பாருங்கள். நூல் நூலாக இழுத்தால் சூடு குறைவு. 20, 25 டிகிரியில் கிடந்ததால் பல்காரிகஸ் தூங்கிவிட்டது, குளிரில் வளரும் வேறு பாக்டீரியா பசை விட்டிருக்கிறது. மணம் நன்றாக இருந்தால் சாப்பிடலாம், ஆனால் அதை அடுத்த உறைக்கு வைக்காதீர்கள். கசந்தால் பெரும்பாலும் பழி பச்சைப் பால் மேல். குளிர்தானே என்று காய்ச்சாத பாலை இரண்டு நாள் வெளியில் வைக்கும் பழக்கம் மலையில் உண்டு. குளிரிலும் வளரும் கிருமிகள் அதில் விடும் நொதி, காய்ச்சினாலும் அழிவதில்லை. புரதத்தை அறுத்துக் கசப்பாக்கும். பால் வந்த அன்றே காய்ச்சுங்கள்.

பலருக்கும் தோன்றாத காரணம் ஒன்று. பக்கத்து வீட்டு மாட்டுப் பால் சில நாள் மட்டும் உறையாது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலில் ஆன்டிபயாடிக் சில நாள் வரும். தெர்மோஃபிலஸுக்குப் பென்சிலின் துளியளவும் ஆகாது. ஒரே உறைமோரை ஒரு டம்ளர் பாக்கெட் பாலிலும் ஒரு டம்ளர் மாட்டுப் பாலிலும் ஊற்றி ஒரே பெட்டியில் வையுங்கள். பாக்கெட் பால் உறைந்து மற்றது உறையவில்லை என்றால் பால்காரரிடம் பேச வேண்டிய விஷயம் அது. மாட்டு டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை அந்தப் பாலை யாரும் குடிக்கக் கூடாது.

தயிரைச் சாப்பாட்டில் கொல்லாமல் சாப்பிடுவதும் ஒரு படிதான். கொதிக்கும் மோர்க்குழம்பில் உயிர் எதுவும் மிஞ்சாது, ருசிக்காகச் சாப்பிடலாம். தயிர்சாதத்துக்குச் சோறு விரல் பொறுக்கும் அளவு ஆறிய பிறகே தயிர். மேலே கொட்டும் ஒரு கரண்டி தாளிப்பால் பெரிய நஷ்டமில்லை. நீலகிரி மலையில் தோடர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது எருமைப் பால், மோர், வெண்ணெயோடு. அந்த எருமைப் பாலில் கொழுப்பு 8 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பாக்டீரியாவைச் சுமந்து போகக் கொழுத்த பால் நல்ல வாகனம் என்பதை மேலே பார்த்தோம்.

கேப்ஸ்யூல் உயிரோடு இருக்கிறதா என்று வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு, எல்லைகளோடு. காய்ச்சி 40 டிகிரிக்கு ஆற்றிய பால் இரண்டு டம்ளர், 100 மில்லி வீதம். ஒன்றில் மட்டும் பொடியைக் கொட்டி, இரண்டையும் மூடி 24 மணி நேரம் சூட்டில் வையுங்கள். பொடி போட்டது மட்டும் உறைந்தால் உயிர் இருக்கிறது. இரண்டும் உறைந்தால் பாத்திரம் சுத்தமில்லை, சோதனை செல்லாது. உறையாவிட்டால் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்: ராம்னோசஸ் ஜி.ஜி. லாக்டோஸைச் சாப்பிடாது, பிஃபிடோ மெதுவாக வளரும், பவுலார்டி என்று விற்கப்படுவது ஒரு ஈஸ்ட், பாக்டீரியாவே அல்ல. அசிடோஃபிலஸ் போன்ற வகைக்கே இந்தச் சோதனை. முடிந்ததும் இரண்டையும் கொட்டிவிடுங்கள், குடிக்கக் கூடாது.

உள்ளே ஏற்கெனவே இருப்பவர்களுக்குச் சோறு

எங்கள் கருத்தில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வெளியிலிருந்து வருகிறவை தங்காது என்றால், உள்ளே இருப்பவற்றைப் பட்டினி போடாமல் இருப்பதுதான் நிரந்தர வேலை. அவற்றின் உணவு நார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்குக் குறைந்தது 25 கிராம்.

அதற்கு மலையில் பஞ்சமே இல்லை. கொடைக்கானல் மலைப்பூண்டிலும் வெங்காயத்திலும் இருக்கும் ஃப்ரக்டான் நார் பிஃபிடோவுக்குப் பிடித்தது. பீன்ஸ், பட்டாணி, அவரை, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் சந்தையில் அன்றன்றைக்கு. ஊட்டி உருளைக்கிழங்கை வேகவைத்து ஒரு ராத்திரி குளிர வைத்தால் அதன் மாவில் ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறிப் பெருங்குடல்வரை போகும். மறுநாள் சூடாக்கினாலும் அதில் ஓரளவு மிஞ்சும். ராகி, சாமை. பழனி மலை விருப்பாச்சி வாழைப்பழம் நன்றாகக் கனிவதற்குச் சற்று முன்பே சாப்பிட்டால் இன்னும் மேல்.

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கூட்டாதீர்கள். வயிறு உப்பும், வாயு பிரியும், இது ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு ஒரு பொருளாக, மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். தண்ணீரையும் கூட்டுங்கள், குளிரில் தாகம் தெரியாது.

இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி தொடங்கியதே குன்னூரில்தான். 1918-இல் பாஸ்டர் நிறுவன வளாகத்தில் மருத்துவர் ராபர்ட் மக்காரிசன் சிறிதாகத் தொடங்கிய பிரிவு 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து, எது உடலை எப்படி ஆக்குகிறது என்று அவர் இந்த மலையில் உட்கார்ந்துதான் பார்த்தார்.

ஆன்டிபயாடிக் எடுக்கும்போது

ப்ரோபயாடிக்குக்கு நல்ல ஆதாரம் இருக்கும் இடம் இது. ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கு குழந்தைகளுக்குக் குறைவதை 2019-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு காட்டியது. நாளுக்கு 500 கோடிக்கு மேல் கொடுத்தபோது பலன் தெளிவாக இருந்தது. ஆன்டிபயாடிக் தொடங்கும் அன்றே தொடங்குங்கள், இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். காலை 8-க்கு ஆன்டிபயாடிக் என்றால் 11 மணிக்குக் கொஞ்சம் தயிரோடு ப்ரோபயாடிக். பவுலார்டி ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, இடைவெளி தேவையில்லை. ஆனால் ஃப்ளுகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து எடுத்தால் அது சாகும்.

எதுவரை? முன்பு சொன்ன 2018 ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் அந்த 11 வகைக் கலவையைச் சாப்பிட்டவர்களின் சொந்த பாக்டீரியா திரும்ப வருவது தாமதமானது. எதுவும் சாப்பிடாதவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம் திரும்பியது. எனவே மருந்து முடிந்து ஒரு வாரம் வரை போதும் என்பது எங்கள் பரிந்துரை. பிறகு நிறுத்திவிட்டு நாருக்கு மாறுங்கள்.

வேறு தொந்தரவுக்கு, உதாரணமாக வயிற்று உப்புசத்துக்கு, முயன்று பார்க்கிறீர்கள் என்றால் ஒரே தயாரிப்பு, நான்கு வாரம், தினமும். அதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்துங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் எது வேலை செய்தது என்று ஒருபோதும் தெரியாது.

யார் சாப்பிடக் கூடாது

கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள், கழுத்து அல்லது மார்பு ரத்தக்குழாயில் குழாய் பொருத்தியவர்கள், குறைமாதக் குழந்தைகள்: டாக்டர் சொல்லாமல் எந்த ப்ரோபயாடிக்கும் வேண்டாம், உயிருள்ள கிருமி ரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்ட நோயாளி இருக்கும் அறையில் பவுலார்டி கேப்ஸ்யூலைத் திறக்கக்கூடக் கூடாது. பொடி காற்றில் பறந்து குழாய்க்குள் போயிருக்கிறது. கடுமையான கணைய அழற்சியில் ப்ரோபயாடிக் கொடுத்த 2008 ஆய்வில் இறப்பு கூடியது.

குழந்தைக்குத் திடீர் வயிற்றுப்போக்கு என்றால் முதலில் எடுக்க வேண்டியது ப்ரோபயாடிக் அல்ல, ஓ.ஆர்.எஸ். 2018-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ராம்னோசஸ் கலந்த மருந்துகள் அந்தக் குழந்தைகளுக்குக் கூடுதல் பலன் எதுவும் தரவில்லை. ஒரு பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். சிறு கரண்டியால் அடிக்கடி கொடுங்கள். துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை டாக்டரோ செவிலியரோ சொல்லும் அளவில். மலத்தில் ரத்தம், கண் குழிவிழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் உடனே கிளம்புங்கள். எஸ்டேட் பகுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரச் சாலை இருக்கலாம், மூடுபனியில் இன்னும் கூடும். ஓ.ஆர்.எஸ். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே போங்கள்.